மாமா மைக்கைத் தட்டிய ஞாயிற்றுக்கிழமை

பேசத் தொடங்குமுன் மாமா மைக்கின் தலையில் ஆட்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு வாயை ஒட்டிவைத்து ஒருமுறை ஊதுவார். செம்பனைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் எங்கள் அம்மன் கோயிலின் ஒலிபெருக்கிகள் அந்த மூச்சை வாங்கி, முன்பு தொழிலாளர்களின் லய வீடுகள் இருந்த வெற்றுத் தரைவரை கொண்டுபோகும். அதற்குப் பிறகுதான் ‘ஹலோ’. மைக் வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர் தட்டவில்லை. அதை ஒலிபெருக்கிக்காரர் விடியற்காலையிலேயே பார்த்து முடித்திருப்பார். கூட்டம் தன் பக்கம் திரும்பிவிட்டதா என்று பார்ப்பதற்கே தட்டுவார். என் உடம்புக்கு அதிகச் சேதம் செய்தது எது என்று கேட்டால், பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்கு அடுத்தபடியாக இந்த மைக்கைத்தான் சொல்வேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அங்கே கிராணி என்னும் எழுத்தராக இருந்தவர். விடியுமுன் நடக்கும் பெரட்டில், தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு ஆளெடுப்பது அவர் வேலை. அந்த வரிசையில் யாராவது உடம்பு சரியில்லை என்று சொன்னால் அவர் கொடுக்கும் பதிலை எங்கள் குடும்பத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். “வந்து நின்னு சொல்ல முடியுதில்ல? அப்ப பால் வெட்டவும் முடியும்.” வர முடியாமல் லயத்திலேயே படுத்துக்கிடந்தவர்களுக்கு வேலைக்கு வராதவர்கள் என்று பெயர். வந்தவன் நோயாளி இல்லை, வராதவன் சோம்பேறி. இப்படி ஒரு தர்க்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு வைத்தியம் எதற்கு, வைத்தியர்கள்தான் எதற்கு? பின்னர் ரப்பர் போனது, எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், நாங்கள் எல்லோரும் புக்கிட் ரோத்தான், புஞ்சாக் ஆலாம், ராவாங் என்று சிதறினோம். கோயில் மட்டும் அங்கேயே நின்றது. கிராணி வேலை போன மாமா கோயில் தலைவரானார். பெரட்டை அவர் விடவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

எனக்கு ஆண்டுகளில் கறார் அதிகம். அந்தத் தோட்டத்தின் கதையை நான் நெடுநாளாகச் சேகரித்துவருகிறேன்: எந்தப் பிரிவில் எப்போது மரம் அறுத்தார்கள், தமிழ்ப்பள்ளி எந்த ஆண்டு எங்கே பெயர்ந்தது, கோயில் மணி யார் காலத்தில் வந்தது. மாமா ஒவ்வொரு திருவிழாவிலும் கோயில் வரலாற்றைச் சொல்வார். அவர் சொல்லும் எந்த ஆண்டும் எந்த ஆண்டோடும் பொருந்தாது. மணி வந்ததாக அவர் சொல்லும் ஆண்டுக்குப் பிறகுதான் மண்டபமே எழுந்தது. அவர் கணக்கில் மணி, தொங்குவதற்கு இடமில்லாமல் சில ஆண்டுகள் காத்திருந்தது. ஒருமுறை மெதுவாகத் திருத்தினேன். “மைக்ல சொன்னது சொன்னதுதான் பாப்பா” என்றார். அப்போது சிரித்துவிட்டு விட்டேன். அந்த வாக்கியம் என்னைத் தேடி வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

புஞ்சாக் ஆலாமில் ஒரு தளவாடத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கொசுவால் வரும் டிங்கி இல்லை என்றார்கள். ஒரு வாரத்தில் போய்விடும் என்றார்கள். காய்ச்சல் போனது, கூடவே நானும் போனேன். தூங்கி எழுந்தால் இரவெல்லாம் மூட்டை தூக்கியவளைப் போல எழுந்தேன். தலைக்குக் குளிப்பது என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான். அதற்குமேல் சமையல் கிடையாது, பேச்சு கிடையாது. வெங்காயம் அரிய முக்காலி, பல் துலக்க முக்காலி. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் முதல் வரி கடைசி வரிக்கு வருமுன் மறந்துபோகும். ஒரு புத்தகத்தை இரண்டு நாளில் முடிப்பவள் ஒரு பக்கத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று ஒரு நாள் வீட்டைக் கூட்டினால், அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. அதற்கடுத்த நாள்தான் ஆள் விழுவாள். இந்த நோயின் அயோக்கியத்தனமே அதுதான். செலவை அன்றைக்கே கேட்காது. சாட்சிகள் எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, பிறகு வந்து கதவைத் தட்டும்.

எடுத்த ரத்தத்தில் எல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு மருத்துவர் நடக்கச் சொன்னார், இன்னொருவர் கவலைப்படாதீர்கள் என்றார், மூன்றாமவர் என் கணவரைப் பார்த்து வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு ஓர் இளம் மருத்துவர் மட்டும் எதிரே உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, இதற்குப் பெயர் இருக்கிறது, நாள்பட்ட களைப்பு நோய், மருந்துதான் இல்லை, உங்களிடம் இருக்கும் தெம்புக்குள்ளேயே வாழக் கற்றுக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் இன்னும் கீழே போவீர்கள் என்றார். அதை வீட்டில் சொன்னபோது கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன். ‘களைப்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி. ஓ, இவ்வளவுதானா! களைப்பு யாருக்குத்தான் இல்லை? ராவாங்கில் இரண்டு ஷிப்டு பார்க்கும் தன் மருமகளுக்கு இல்லாத களைப்பா என்றார் மாமி. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒருவர் ஆருவான் மீன் சூப்புக்குச் செய்முறை போட்டார். இன்னொருவர் காந்த வளையல் விற்றார். வேலையை விட்டபோது எனக்கு ‘எம்.சி. ராணி’ என்று பெயர் வந்தது. அதை வைத்தவர் வருடத்தில் பாதி நாள் முதுகுவலி என்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பவர். ஆனால் முதுகு என்பது கௌரவமான உறுப்பு.

இதில் எங்கள் வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் வந்தால் படுத்திருப்பவர் எழ வேண்டும். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள்கூட என் அம்மா தன் அண்ணனைக் கண்டு எழுந்து உட்கார்ந்தாராம். அதையும் பெருமையாகவே சொல்வார்கள். மாமாவின் கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் நான் எழுவேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, கூடத்தில் வந்து உட்காருவேன். அவர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே பெரட்டில் பார்த்ததைப் போல என்னை மேலும் கீழும் பார்ப்பார். “நல்லாத்தானே இருக்கே பாப்பா. மனசுதான். மனச விட்டுறாத.” கார் போனதும் நான் எத்தனை நாள் படுத்திருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அப்போதுவரை படுத்த நிலையில் என்னைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், என் கணவரும் மகளும். மற்றவர்கள் கண்ட நான், வந்து நின்று சொல்ல முடிந்தவள்.

ஒரு வருடத் திருவிழாவில் நான் இல்லாதபோது மாமா மைக்கைத் தட்டினார். உடல் நலமில்லாத தன் தங்கை மகள் அடுத்த வருடம் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பாள் என்று அறிவித்தார். என்னிடம் கேட்கவில்லை. நான் புலனத்தில் வந்த காணொளியில்தான் என் நேர்த்திக்கடனைத் தெரிந்துகொண்டேன்.

அந்த அடுத்த வருடம் வந்தபோது விஷயம் சிக்கலானது. மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள் அவள். பெற்றோருக்கு இரண்டே இருக்கைகள். விழா ஒரு சனிக்கிழமை, பால்குடம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. இரண்டில் ஒன்றுதான் என்னால் முடியும் என்பது எனக்கு, என் கை விரல்கள் எனக்குத் தெரிவதுபோலத் தெரியும். பட்டமளிப்பு மண்டபத்தில் அமர்வதற்காகவே நான் மாதக்கணக்கில் தெம்பைச் சேர்த்துவந்தேன். உறவில் ஒரு திருமணத்துக்குப் போகவில்லை, மகள் விடுமுறைக்கு வந்தபோதுகூட அளவாகப் பேசினேன். கணவர் யாரிடமோ சொல்லி ஒரு சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தார். அது மாமாவின் காதுக்குப் போனது. நடக்கிற பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்து ஊருக்குக் காட்டப்போகிறீர்களா என்று வந்து கேட்டார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பால்குடத்தை எனக்குப் பதிலாகத் தான் எடுப்பதாகக் கணவர் சொன்னார். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “நோவு அவளுக்கு, பால்குடம் உனக்கா தம்பி? ஆஸ்பத்திரிலகூட ஆள் மாத்தி ஊசி போட மாட்டாங்க லா.” இதற்கு அவரே சிரித்துக்கொண்டார். அதோடு போயிருந்தால் நான் மறுத்திருப்பேன். மறுநாள் என் அம்மாவை அனுப்பினார். அம்மா கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். “மைக்ல சொல்லிட்டாருடி. கொடுக்காம விட்டா பிள்ளைக்கு எதுனா ஆயிரும். பட்டம் வாங்குற நேரம்” என்றார். அவர் நடித்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினார். எந்த விரல் எந்த நரம்பைத் தொடும் என்று மாமாவுக்குத் தெரியும், பெரட்டில் பழகியவர். மகளின் பெயர் வந்த பிறகு நான் சரி என்றேன். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

சாலை முனைப் பிள்ளையாரிடமிருந்து அம்மன் கோயில்வரை செம்மண் பாதை. செம்பனைக்குலை ஏற்றும் லோரிகள் அரைத்த புழுதி. உறுமி முன்னால் போனது. குடத்தின் கனம் தலையில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருந்தது. என் கணவர் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். மாமா அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் விழவில்லை. அங்கேதான் என் தோல்வி. நடு வழியில் விழுந்திருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உடம்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. இல்லாத தெம்பை எங்கிருந்தோ கடன் வாங்கி என்னை நேராக நடத்திக்கொண்டுபோனது. அபிஷேகம் முடிந்தது. மாமா மைக்கைத் தட்டினார், ஊதினார்.

“ஹலோ. தாய்மார்களே, பெரியோர்களே. மூணு வருசமா படுத்த படுக்கையா கெடந்த பொண்ணு. டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. இன்னைக்கு ஆத்தா நடக்க வச்சிருக்கா. எல்லாரும் பாருங்க. நல்லா பாத்துக்குங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். மூன்று வருடமாக நான் படுத்துக்கிடந்ததை அவர் முதன்முதலாக ஒப்புக்கொண்டதே அது முடிந்துவிட்டது என்று அறிவிப்பதற்காகத்தான். அதுவரை மனசுதான், சோம்பல்தான். குணமானதும்தான் எனக்கு நோய் இருந்ததாக ஆனது. பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தன் நீரிழிவுக்காக என்னிடம் திருநீறு கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன் என்று படங்கள் சொல்கின்றன.

திங்கட்கிழமை நன்றாக இருந்தேன். அன்றைக்கும் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கழுத்தைத் தூக்க முடியவில்லை. ஜன்னல் திரைக்கு நடுவே வந்த வெளிச்சம் ஆணியாக இறங்கியது. பக்கத்து வீட்டில் மசாலா அரைக்கும் இயந்திரம் ஓடினால் அழுகை வந்தது. சொற்கள் தொண்டைவரை வந்து பெயர் மறந்துபோய்த் திரும்பின. கணவர் கஞ்சியைக் கரண்டியில் கொடுத்தார். வியாழக்கிழமை அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மன் கைவிடவில்லை பார்த்தாயா என்று மகிழ்ச்சியோடு கேட்டாராம். கணவர், அவள் தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னாராம். வெள்ளிக்கிழமை இரவு, போங்கள் என்று கணவருக்குக் கையால் காட்டினேன். மூத்த நாத்தனார் என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார்.

என் இருக்கையில் மாமா உட்கார்ந்தார். ஊர் பார்க்க என்று சொல்லிக் காரில் ஏறியவர், ஓர் இருக்கை காலியாக இருக்கிறதே என்று என் அழைப்பு அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் வைத்துச் சண்டை போடக் கணவருக்கு மனம் வரவில்லை. விழா முழுக்க, பக்கத்தில் இருந்த ஒரு மலாய்க்காரக் குடும்பத்திடம் தன் அரைகுறை மலாயில் அம்மன் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படியானால் பெண்ணின் தாய் எங்கே என்று அந்தக் குடும்பத்துத் தாய் கேட்டாளாம். வீட்டில்தான், நன்றாகத்தான் இருக்கிறாள், கொஞ்சம் சோம்பல் என்றாராம். தன் அப்பா சொல்லிக் கேட்ட மகள், இதை எனக்குச் சொல்லப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் பட்ட அங்கியோடு அறைக்குள் வந்தாள். கண்மேல் ஈரத் துணி போட்டிருந்தேன். விளக்கைப் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் படுக்கைப் பக்கம் வந்து மண்டியிட்டாள்.

“கண்ணத் தொறக்காதம்மா. கைய மட்டும் நீட்டு.”

அங்கியின் ஓரத்தை என் விரல்களுக்கு நடுவே வைத்தாள். மொரமொரப்பான, மலிவான துணி. ஓரத்தில் பட்டை தைத்திருந்தது. அதன் நிறம் என்ன என்று கேட்கச் சொல் கிடைக்கவில்லை. அவளே, நீலம்மா என்றாள். என் மகளின் பட்டமளிப்பு விழாவிலிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாமா பார்த்துவிட்டார்.

பால்குடத்துக்கு முன்பு நான் முக்காலியில் உட்கார்ந்து ஒரு குழம்பு வைப்பேன். அதற்குப் பிறகு இன்றுவரை வைக்கவில்லை. மருத்துவர் சொன்ன ‘இன்னும் கீழே’ எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆனால் ஊருக்கு நான் குணமானவள். ராவாங்கிலும் உலு யாமிலும் என் கதையை நம்பிப் பால்குடம் எடுத்தவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நான் திருமணங்களுக்கு வராததற்கு இப்போது புதிய விளக்கம் இருக்கிறது: அம்மன் கொடுத்ததும் திமிர் வந்துவிட்டது. மனிதர்களின் முட்டாள்தனத்துக்கு ஓர் அடிமட்டம் இருக்கும் என்று புத்தகங்களில் படித்து நம்பியிருந்தேன். படித்ததோடு சரி.

இந்தப் பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம் மாமா வந்தார். வயதாகிவிட்டது, கார் இப்போது அவர் மகன் ஓட்டுவது, மகன் உள்ளே வராமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு காரிலேயே இருந்தான். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது, சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்கள். கோயில் வரலாற்றின் ஆண்டுகளை நான் சரிபார்த்துத் தர வேண்டும். அச்சடிப்பவர் கேள்வி கேட்கிறாராம். அதோடு, அம்மன் என்னை எழுப்பிய கதையை என் கையாலேயே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இதைக் கூடத்தில் நின்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைக்குக் கேட்டது. அவளை வரச் சொல்லு என்றார்.

கணவர், உள்ளே போய்ப் பாருங்கள் என்றார்.

கார் நின்ற சத்தத்திலேயே என் உடம்பு பழக்கத்தால் எழப் பார்த்தது. கையை ஊன்றவும் செய்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். மாமா கதவருகே வந்து நின்றார். திரை இழுத்திருந்தது. தலைமாட்டில் வாளி, கண்மேல் போடும் துணி, உறிஞ்சிக் குடிக்கும் குழலோடு தண்ணீர். வாரப்படாத என் தலை. அவர் நான் எழுவதற்காகக் காத்திருந்தார். அது என் மீது உள்ள கோபத்தால் அல்ல. அடுத்து வருவது அதுதான் என்பதால்.

“எந்திரிச்சு உக்காரு பாப்பா. பேசணும்.”

“நீங்க பேசுங்க மாமா. நான் படுத்துக்கிட்டே கேக்குறேன்.”

அவர் நாற்காலியைத் தேடினார். துணி குவிந்திருந்த ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். பெரட்டில் பல நூறு பேரைப் பார்த்து எடைபோட்ட கண்களுக்குப் படுத்திருக்கும் ஆளைப் பார்க்கும் பழக்கம் இல்லை. அவர் லயத்துக்குள் போய்ப் பார்த்தவர் இல்லையே. ஆட்காட்டி விரல் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டியது. நான் அந்த மூச்சுக்காகவும் ‘ஹலோ’வுக்காகவும் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி தட்டினார். பிளாஸ்டிக் சத்தம்தான் வந்தது. கோயிலின் ஆண்டுகளைச் சரியாக எழுதித் தருகிறேன், என் பக்கத்தை வெற்றாக விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் தலையாட்டினாரா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிவிட்டேன்.

வெளிவாசலில் அவர் என் கணவரிடம் பேசியது ஜன்னல் வழியே கேட்டது. நான்கு ஒலிபெருக்கிகளில் கேட்டுப் பழகிய குரல் அவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

“ஏன் தம்பி, அவளுக்கு ரொம்ப முடியலையா?”

இத்தனை வருடங்களில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல்முறை. அதையும் என்னிடம் கேட்கவில்லை. என் கணவர், “உள்ளதான் இருக்கா. போய் அவளையே கேளுங்க” என்றார்.

அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது.